கணக்காய்வு அறிக்கையில் பெயர் மறைந்த நிறுவனத்தைக் கண்டுபிடிக்க

மலேசியாவின் தேசியத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையில் ஒரு குத்தகையாளர் 'ஷாரிகாட் ஏ' (மலாயில் 'நிறுவனம் ஏ') என்று மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தால், அந்தப் பத்தியில் உள்ள ஒப்பந்தத் தொகையையும் திட்டத்தின் மலாய்ப் பெயரையும் குறித்துக்கொண்டு, நிதி அமைச்சின் மைப்ரொகியூர்மென்ட் என்ற கொள்முதல் இணையத்தளத்தில் வெளியாகும் டெண்டர் முடிவுகளோடு முதலில் ஒப்பிடுங்கள். பெயரை மறைக்கும் அறிக்கையும் தொகையையும் ஒப்பந்தக் காலத்தையும் பெரும்பாலும் மறைப்பதில்லை. டெண்டர் முடிவுகளிலோ வென்ற நிறுவனத்தின் பெயரும் விலையும் சேர்ந்தே இருக்கும். இதைப் பார்க்கக் கட்டணம் இல்லை என்பதால், எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் பணம் கட்டி இயக்குநர், பங்குதாரர் விவரம் எடுப்பதை ஒரே ஒரு நிறுவனத்தோடு முடித்துக்கொள்ளலாம். கோலாலம்பூரில் தனியாக இயங்கும் தமிழ்ச் செய்தியாளருக்கு இந்தச் சிக்கனம் மிகவும் முக்கியம். அறிக்கை 12.4 மில்லியன் ரிங்கிட் என்று சுருக்கியும், தளம் சென் வரைக்கும் காட்டியும் இருக்கலாம் என்பதால், தொகையை மட்டும் தேடாமல் அமைச்சின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

டெண்டர் இல்லாமல் நேரடிப் பேச்சுவார்த்தையில் கொடுக்கப்பட்ட வேலைகளுக்கும், மாநில அரசு, நகராண்மைக் கழகக் குத்தகைகளுக்கும் இந்த வழியை நம்ப முடியாது; பினாங்கு மாநிலத் துறைகளின் ஆவணங்களுக்கு, அம்மாநிலத்தின் 2010ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்கீழ் இரகசியமாக வகைப்படுத்தப்பட்டவை அவ்வழியிலும் கிடைக்காது. தொகை பொருந்துவது துப்பு மட்டுமே, ஆதாரம் அன்று. அமைச்சிடமும் நிறுவனத்திடமும் எழுத்து மூலம் கேட்காமல் பெயரை வெளியிடாதீர்கள்.