ரஸ்ட் இடரேட்டரில் பிழை வந்தால் எங்கே பிடிப்பது?

ஒரு கோப்பில் வரிக்கு ஒரு எண்: 12, 7, 4ஓ, 30. மூன்றாவது வரியில் சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்து ஓ விழுந்திருக்கிறது. இவற்றைக் கூட்ட வேண்டும். ரஸ்ட் நிரல்மொழியில் இடரேட்டரின் (மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தருவது) மேல் மேப் (ஒவ்வொன்றையும் மாற்றுவது), ஃபில்டர் (வேண்டியதை மட்டும் வைப்பது) என்று கோத்து எழுதும்போது நடுவில் முளைக்கும் பிழையை என்ன செய்வது?

படி 1: மேப்புக்குள் பிழையைத் தீர்க்க முயலாதீர்கள்

ஒவ்வொரு வரியையும் ட்ரிம் செய்து (ஓரத்து இடைவெளியை நீக்கி), ஐ32 (32 பிட் முழு எண்) ஆக பார்ஸ் செய்யுங்கள், அதாவது எழுத்தை எண்ணாக மாற்றுங்கள். பார்ஸ் தானாக இடைவெளியை நீக்காது. ட்ரிம்மை விட்டால், 7-க்கு முன்னால் ஒரு வெற்றிடம் இருந்தாலே பிழைதான். பார்ஸ் திருப்பித் தருவது ரிசல்ட்: சரியென்றால் ஓகேக்குள் எண், இல்லையென்றால் எர்ருக்குள் பிழை.

இங்கே அன்ராப் (ஓகேக்குள் இருப்பதை வெளியே எடுப்பது) போட்டால் மூன்றாவது வரியில் நிரல் பேனிக் ஆகி நின்றுவிடும். கேள்விக்குறியும் (?, பிழை வந்தால் அதைத் திருப்பித் தந்து ஃபங்ஷனை விட்டு வெளியேறும் குறி) உதவாது. மேப்புக்குக் கொடுக்கும் குளோஷர் (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) தனி ஃபங்ஷன். அதிலுள்ள கேள்விக்குறி குளோஷரை விட்டுத்தான் வெளியேறும், சுற்றியுள்ள ஃபங்ஷனை விட்டு அல்ல. அதனால் ரிசல்ட்டை அப்படியே அடுத்த கட்டத்துக்குப் போக விடுங்கள்.

படி 2: ஒன்று கெட்டால் எல்லாம் செல்லாது என்றால்

கலெக்ட் செய்யும்போது (மதிப்புகளை ஒன்றாகத் திரட்டும்போது) வகையை ரிசல்ட்<வெக்<ஐ32>, _> என்று எழுதுங்கள். வெக் என்பது பட்டியல். வெறும் வெக்<_> என்று எழுதினால் கம்பைலர் குறை சொல்லாது. ஆனால் உங்களுக்குக் கிடைப்பது ரிசல்ட்டுகளின் பட்டியல். சரியான வகை கொடுத்தால் முதல் எர்ரிலேயே கலெக்ட் நின்று அதைத் திருப்பித் தரும். கேட்டால்தான் இடரேட்டர் அடுத்ததை எடுக்கும் என்பதால் 30 பார்ஸ் ஆகவே ஆகாது. கேள்விக்குறிக்கு உரிய இடம் இந்தக் கலெக்ட்டுக்குப் பின்னால்தான்.

கூட்டுத்தொகை மட்டும் போதுமென்றால் வெக்கே வேண்டாம்: சம் என்பதற்கும் ரிசல்ட்<ஐ32, _> வகை கொடுக்கலாம். கணக்கு வேறு மாதிரி என்றால், முதல் பிழையில் நின்றுவிடும் ட்ரை_ஃபோல்ட்.

படி 3: கெட்டதை விட்டுவிடலாம் என்றால்

எர்ரை விட்டு ஓகேயில் உள்ளதை மட்டும் எடுக்கும் ஃபில்டர்_மேப்(ரிசல்ட்::ஓகே) போட்டால் 12, 7, 30 மிஞ்சும், கூட்டினால் 49. வர வேண்டியது 89. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 40 காணாமல் போகிறது. பணம், மருந்தளவு போன்றவற்றில் இதைச் செய்யவே கூடாது.

கோப்பை பஃப்ரீடரின் லைன்ஸ் மூலம் வரிவரியாகப் படிக்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. அங்கே ஒவ்வொரு வரியும் ஒரு ரிசல்ட். லினக்ஸில் கோப்புக்குப் பதில் அடைவைத் திறந்துவிட்டால், திறப்பது வெற்றி பெறும். படிக்கும் ஒவ்வொரு முறையும் எர் வரும், முடிவு வராது. ஃபில்டர்_மேப் ஓகேயை எதிர்பார்த்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். ரஸ்ட் நிரலில் குறை கண்டறியும் கருவியான கிளிப்பி இதைச் சுட்டிக்காட்டி மேப்_வைல் பயன்படுத்தச் சொல்லும். அது முதல் எர்ரில் நிற்கும். ஆனால் பிழையைச் சொல்லாது. கோப்பு வாசிப்புக்கு எங்கள் பரிந்துரை படி 2 தான்.

படி 4: எல்லாப் பிழைகளையும் காட்ட வேண்டும் என்றால்

பயனர் அனுப்பிய கோப்பைச் சரிபார்க்கையில் ஒவ்வொரு பிழையாகச் சொல்லி அலைக்கழிக்கக் கூடாது. முதலில் எனுமரேட், அது 0-இலிருந்து எண்ணும், வரி எண்ணுக்கு 1 கூட்டுங்கள். மேப்_எர் மூலம் அந்த எண்ணைப் பிழையோடு சேர்த்துவிடுங்கள். பிறகு ஓகேயை ஒரு பக்கமும் எர்ரை மறுபக்கமும் பிரிக்கும் பார்ட்டிஷன்(ரிசல்ட்::இஸ்_ஓகே). இரண்டு வெக் கிடைக்கும். இரண்டிலும் இருப்பவை இன்னும் ரிசல்ட்டுகளே. முதலாவதில் அன்ராப், இரண்டாவதில் அன்ராப்_எர் போட்டுப் பிரித்தெடுங்கள். ஏற்கெனவே பிரித்துவிட்டதால் இங்கே மட்டும் அன்ராப் பேனிக் ஆகாது.

இது சுற்றி வளைப்பதாகத் தோன்றினால் இரண்டு காலி வெக், ஒரு ஃபார் லூப், உள்ளே ஓகேயா எர்ரா என்று பார்க்கும் ஒரு மேட்ச் என்று எழுதுங்கள். இந்தப் படிக்கு அதுவும் நல்ல ரஸ்ட்தான்.