பத்மநாபபுரம் கொட்டாரத்துக்குப் பாட்டியோடு போங்கள்

கன்னியாகுமரி மாவட்டத் தக்கலையில் இறங்கினால் பத்மநாபபுரம் கொட்டாரம் (திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய அரண்மனை) 2 கி.மீ. தூரம்தான், ஆட்டோ கிடைக்கும். ஊர் நம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. அதனால் விடுமுறைகளும் அவர்கள் கணக்கில்தான். திங்கள்கிழமை பூட்டு. பகல் 1 முதல் 2 வரை இடைவேளை. பலர் 12 மணிக்கு வந்து பாதியில் ஓடவேண்டி வருகிறது. காலை 9 மணிக்கே உள்ளே போய்விடுங்கள். செருப்பை வெளியே விட்டுத்தான் நடக்கவேண்டும். உச்சிவெயிலில் முற்றத்துக் கல் சுடும்.

மரப்படிகள் செங்குத்து, வாசல்கள் குட்டை. மூட்டுவலிக்காரர்கள் மாடியை விட்டுவிட்டுத் தாய்க் கொட்டாரத்தில் நிதானமாக உட்காரலாம். அங்குள்ள ஏகாந்த மண்டபத்தில் ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண் இருக்கிறது. அதைப் பார்க்கவே அரைமணி நேரம் தகும்.

மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் தரையைக் குனிந்து பாருங்கள்: கண்ணாடிபோல் முகம் தெரியும். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகியது என்பார்கள். ஜன்னலில் இருப்பது கண்ணாடி இல்லை, நிறம் ஏற்றிய மைக்கா என்னும் கனிமத் தகடு.

ஊட்டுப்புரையில் ஒரு தளத்துக்கு ஆயிரம் பேர் வீதம் உண்ட பந்தி இடம், ஊறுகாய்ப் பரணிகள் (ஜாடிகள்). வழிகாட்டி வேகமாகக் கடந்துவிடுவார், நீங்கள் நில்லுங்கள். பழைய வீட்டுச் சாமான்கள் உள்ள தெற்குக் கொட்டாரத்திலும் அப்படியே. பாட்டியிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, "இதுக்கு நம்ம வீட்டுல என்ன பேரு?" என்று கேட்டு, சொல்வதை ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து கேட்டால் பாதி நினைவுக்கு வராது.