பழைய ஃபோர் வீல் டிரைவில் பவர் ஸ்டீயரிங் ஆயில் பராமரிப்பு

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும்போது ஸ்டீயரிங்கை ஒடிக்க ஒடிக்க முனகல் கேட்டால், பானெட்டைத் திறந்து முதலில் பார்க்க வேண்டியது பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைத்தான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மூடியைச் சுற்றிலும் துணியால் நன்றாகத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். மணலிப் பக்கம் ஓடும் வண்டியில் அப்பியிருக்கும் கரும்புழுதி உள்ளே விழுந்தால் பம்புக்குக் கேடு.

அளவைப் பார்க்கும்போது, இன்ஜின் சூடாக இருக்கிறதா, ஆறியிருக்கிறதா என்பதற்கேற்ற கோட்டைப் பார்க்க வேண்டும். ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் மாற்றிவிடுவது நல்லது. நுரைத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள்.

பழைய வண்டிகள் பலவற்றுக்குச் சிவப்பு நிற ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும்) ஆயிலே போதும் என்றாலும், வண்டியின் கையேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள். பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றவே கூடாது. ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

மாற்றுவதற்கு எளிய வழி, பெரிய சிரிஞ்சால் டப்பாவிலுள்ளதை உறிஞ்சி, புதியதை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெதுவாகத் திருப்பி, பிறகு மறுபடியும் உறிஞ்சுவதுதான். நிறம் தெளியும்வரை இதைச் செய்யலாம். ஆனால் முழுதாக ஒடித்த நிலையில் 5 விநாடிக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது.

அளவு அடிக்கடி குறைந்தால் கசிவு நிச்சயம். இந்த ஆயில் தானாகத் தீர்வதில்லை. இரவில் ஸ்டீயரிங் பாக்ஸுக்கு அடியில் ஓர் அட்டையைப் போட்டு வைத்தால், காலையில் சொட்டு விழுந்திருக்கும் இடம், கசிவது ஓஸா (ரப்பர் குழாயா), சீலா என்பதைக் காட்டிக்கொடுக்கும்.