அனுப்பும் முன் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்

ரெஸ்யூமே பிடிஎஃப்பை அனுப்பும் முன், அதிலுள்ள எழுத்துகள் முழுவதையும் நகலெடுத்து, வெறும் எழுத்தை மட்டும் காட்டும் நோட்பேட் செயலியில் ஒட்டிப் பாருங்கள். வரிசை குலைந்தாலோ தொலைபேசி எண் காணாமல் போனாலோ உடனே திருத்திவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பத்தை முதலில் படிப்பது மென்பொருள்தான்; அதற்குத் தெரிவதும் ஏறத்தாழ நோட்பேடில் தெரிவது போலத்தான். பக்கத்தை இடம், வலம் என இரண்டாகப் பிரித்த அழகான வடிவங்களில், இரு பக்க வரிகளையும் அது கலந்து படித்துவிடக்கூடும். படமாக வைத்த எழுத்து விடுபட்டே போகலாம். பல வருட உழைப்பு இப்படி வீணாவதை எண்ணினால் மனம் பொறுக்கவில்லை. மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாக எழுதி, சாதாரணத் தலைப்புகள் இட்டால் போதும்.

அச்சுப் பிரதியை நேரில் கொடுப்பவர்களுக்கு இது தேவையில்லை. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்கும் பொருந்தாது. அங்கே இணையப் படிவத்தில் நிரப்பும் விவரங்களே விண்ணப்பம்.