பழைய அமெரிக்கக் கார்களின் பெயிண்ட் குறியீடு: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலையில் வண்டிக்கு அடித்த வண்ணத்தைச் சொல்லும் எழுத்தோ எண்ணோதான் பெயிண்ட் குறியீடு. 1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவின் விளிம்பில் பூட்டுக்கு அருகே ரிவெட் அடித்துப் பொருத்திய சிறிய உலோகத் தகடு ஒன்று தெரியும். அதில் வண்டி எண்ணோடு பாடி, கலர், டிரிம் (உள்ளலங்காரம்), டேட் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ஒரே தகட்டில் 'கே' என்ற எழுத்து மூன்று இடங்களில் வரக்கூடும். வண்டி எண்ணின் ஐந்தாவது இடத்தில் வந்தால், அது 271 குதிரைத்திறன் கொண்ட 289 கன அங்குல எஞ்சினைக் குறிக்கிறது. டேட் கட்டத்தில் '20கே' என்று வந்தால், அது அக்டோபர் 20ஆம் தேதியைச் சொல்கிறது. கலர் கட்டத்தில் வந்தால் மட்டுமே அது வண்ணம்; 1965இல் அந்த வண்ணத்தின் பெயர் சில்வர் ஸ்மோக் கிரே. தகட்டில் முதலில் கண்ணில் பட்ட எழுத்தைப் பெயிண்ட் குறியீடு என்று எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் மிக எளிதாக நிகழும் தவறு.

அதைவிட ஆழமான தவறு ஒன்று இருக்கிறது. குறியீட்டைச் சரியாகப் படித்துவிட்டு ஆண்டைக் கவனிக்காமல் விடுவதைச் சொல்கிறேன். அதே 'கே' 1966 மஸ்டாங்கின் கலர் கட்டத்தில் இருந்தால், அது நைட்மிஸ்ட் ப்ளூ என்னும் அடர்நீலம். 'எச்' 1965இல் காஸ்பியன் ப்ளூ, 1966இல் சஹாரா பீஜ். ஒரே எழுத்து ஒரே ஆண்டு இடைவெளியில் நீலத்திலிருந்து மணல் நிறத்துக்குத் தாவிவிடுகிறது. இதில் நம்மை ஏமாற்றுவது மாறாத குறியீடுகள்தான். 'எம்' என்றால் விம்பிள்டன் ஒயிட், 'ஏ' என்றால் ரேவன் பிளாக் என்பது பல ஆண்டுகளுக்கு அப்படியே தொடர்ந்தது. இவை இரண்டையும் பழகியவர்கள் மற்ற எழுத்துகளும் மாறாது என்று நம்பிவிடுகிறார்கள். பெயிண்ட் குறியீடு ஓர் அரை முகவரிதான். தயாரித்த நிறுவனமும் மாடல் ஆண்டும் சேர்ந்தால்தான் அது முழுமையாகும்.

மஸ்டாங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1964 மார்ச்சில் உற்பத்தி தொடங்கி அந்த ஆண்டின் கோடை வரை வெளிவந்த வண்டிகளும் 1965 மாடலாகவே பதிவாயின. அவற்றின் வண்டி எண்ணும் 5 என்றே தொடங்கும். ஆனால் அவற்றுக்கான வண்ணப் பட்டியல் பின்னால் வந்த 1965 வண்டிகளின் பட்டியலிலிருந்து வேறுபட்டது. ஆகவே முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், டேட் கட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் தகடு கதவில் இருக்காது. கமாரோ போன்ற ஷெவ்ரலே வண்டிகளில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் தேட வேண்டும். 1969 கமாரோவின் தகட்டில் பி.என்.டி. (PNT) என்ற எழுத்துகளை ஒட்டி '72 72' என்று இருந்தால், முதல் எண் வண்டியின் கீழ்ப்பகுதிக்கும் இரண்டாம் எண் மேல்பகுதிக்கும் உரியது. இரண்டும் ஹக்கர் ஆரஞ்ச். '72 பி' (72 B) என்று இருந்தால், இரண்டாவதாக உள்ள 'பி' பெயிண்ட்டே அல்ல, கருப்பு வினைல் கூரை. இதை இன்னொரு வண்ணம் என்று எண்ணிப் பட்டியலில் தேடித் தேடிக் குழம்புவோர் உண்டு. அதே தகட்டில் டி.ஆர். (TR) என்ற எழுத்துகளை ஒட்டி வரும் 711 கருப்பு உள்ளலங்காரத்தைக் குறிக்கிறது. அதற்கும் வெளி வண்ணத்துக்கும் தொடர்பில்லை. 1967 கமாரோவில் வண்ணங்களுக்கு எண்ணே கிடையாது, எழுத்துகள்தான்: 'ஆர்' என்றால் பொலேரோ ரெட், 'சி' என்றால் எர்மின் ஒயிட். ஷெவ்ரலேயின் கார்வெட் இன்னும் தனி வழியில் சென்றது. 1966 கார்வெட்டில் மூன்று இலக்கக் குறியீடு இருந்தது: 900 டக்ஸீடோ பிளாக், 974 ரேலி ரெட், 976 நாசோ ப்ளூ.

பெயரை நம்புவதும் ஆபத்து. ஷெவ்ரலே ஹக்கர் ஆரஞ்ச் என்று விற்ற அதே 72ஆம் எண் வண்ணத்தை, அதே 1969இல் ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு கரூசல் ரெட் என்று விற்றது. பெயரில் சிவப்பு இருக்கிறது. வண்டியோ பளீரென்ற ஆரஞ்சு. கிரைஸ்லர் குழுமத்தில் இது வழக்கமாகவே இருந்தது. எஃப்.சி.7 என்னும் ஊதா, டாட்ஜ் வண்டியில் ப்ளம் கிரேஸி, பிளிமத் வண்டியில் இன்-வயலெட், எஃப்.ஜே.5 என்னும் பச்சை, டாட்ஜில் சப்லைம், பிளிமத்தில் லைம்லைட். எனவே பெயிண்டரிடம் பெயரைச் சொல்லாமல் குறியீட்டையும் ஆண்டையும் எழுதிக் கொடுப்பது நல்லது. முதல் எழுத்து தேவையில்லை என்று விட்டுவிடவும் கூடாது. 1970இன் இ.பி.5 (EB5) வேறு, 1971இன் ஜி.பி.5 (GB5) வேறு, இரண்டையும் வெறும் 'பி5' என்று எழுதினால் எந்த ஆண்டின் நீலம் என்று கடைக்காரருக்குத் தெரியாது.

அந்தக் கால டாட்ஜ், பிளிமத் வண்டிகளின் தகடு பானெட்டுக்குக் கீழே இடப்பக்க உள்ஃபெண்டரில் திருகப்பட்டிருக்கும். அதை மேலிருந்து கீழாகப் படிப்பது தவறு. கடைசி வரியில் தொடங்கி வரிவரியாக மேலே ஏற வேண்டும், ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். எஞ்சினும் கியர் பெட்டியும் கடைசி வரியில் இருக்கும். பெயிண்ட் அதற்கு மேல் வரியில் தொடங்கும்.

பெயிண்ட் இடத்தில் 999 என்றோ, ஃபோர்டு தகட்டில் கலர் கட்டம் வெறுமையாகவோ இருந்தால், தகடு போலி என்று அவசரப்பட வேண்டாம். வாடிக்கையாளர் பட்டியலில் இல்லாத வண்ணத்தைத் தனியாகக் கேட்டு வாங்கியதை அது காட்டலாம். அப்போது வண்ணத்தின் பெயரைத் தகடு சொல்லாது. வண்டியிடமே கேட்க வேண்டும்.

எந்த வண்டிக்கும் இப்படிக் கேட்பது நல்லது என்பதே என் கருத்து, ஏனென்றால் தகட்டைக் கழற்றி மாற்றலாம், புதிதாக அச்சடித்தும் வாங்கலாம். டேஷ்போர்டுக்கு அடியிலும், கதவின் உள்பலகைக்குப் பின்னாலும், டிக்கியின் ரப்பர் பட்டைக்குக் கீழும் மறுபெயிண்ட் அடித்தவர்களின் கை பெரும்பாலும் எட்டியிருக்காது. வெளிப்புறத்தில் பார்க்க வேண்டுமானால், கண்ணில் படாத ஓரிடத்தில் நைஸ் உப்புத்தாளால் தண்ணீர் விட்டு மெல்லத் தேய்த்தால், அடுக்குகள் மர வளையங்கள் போல ஒன்றன்பின் ஒன்றாக விரியும். பிரைமர் என்னும் அடிப்பூச்சை ஒட்டிய அடுக்கே பெரும்பாலும் ஆலையில் அடித்தது. ஆனால் தகட்டின் மேல் மட்டும் உப்புத்தாள் படக் கூடாது. அதன் மேல் படிந்த பெயிண்ட்டைக் கரைப்பானால் ஊறவைத்துத் துணியால் எடுங்கள். 8க்கும் 'பி'க்கும் (B), 5க்கும் 'எஸ்'ஸுக்கும் (S) உள்ள வேறுபாடு அந்த மெல்லிய புடைப்பில்தான் இருக்கிறது. சாய்வாக டார்ச் அடித்துப் படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் நிழலோடு எழுந்து தெரியும்.

கடைசியாகக் கடைக்கு வருவோம். டிட்ஸ்லர், டூபாண்ட் போன்ற பெயிண்ட் நிறுவனங்கள் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தமக்கென்று ஓர் எண் வைத்திருந்தன. விம்பிள்டன் ஒயிட்டுக்கு டிட்ஸ்லரின் எண் 8378. கார் தகட்டில் அந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது. எண் சரியாக இருந்தாலும் கலவை அப்படியே பழையதாக அமையாது. 1960களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு அக்ரிலிக் லாக்கர் என்னும், கரைப்பான் ஆவியாகிக் காயும் பெயிண்ட்டை அடித்தார்கள். பழைய ஆரஞ்சு, மஞ்சள் வண்ணங்களில் ஈயம் கலந்த நிறமிகள் சேர்ந்திருந்தன. நிறப் பூச்சின் மேல் நிறமற்ற பூச்சு அடிக்கும் இன்றைய பேஸ்கோட், கிளியர்கோட் முறையில் கலக்கும்போது, குறிப்பாக உலோகத் துகள் கலந்த மெட்டாலிக் வண்ணங்களில், சாயல் நகர்ந்துவிடும். அதனால் வண்டியில் அடிக்கும் முன் ஓர் அட்டையில் அடித்துக் காயவிட்டு, கிளியர்கோட்டும் பூசி, டேஷ்போர்டுக்கு அடியில் வெயில் படாமல் தப்பிய அந்தப் பழைய வண்ணத்தின் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் கலவையைத் திருத்தச் சொல்லி, மீண்டும் ஓர் அட்டையில் அடித்துப் பாருங்கள்.