சிவப்பு விழுந்தால் கோச்சி நிற்கவேண்டும்

என் மேசையில் மாதிரி ரயில் பாதையாகச் செய்துவைத்திருக்கிற சீனக்குடா ஸ்ரேசனுக்கு நான் முதலில் செய்த சிக்னல், கோவில் சோடனை லைட்டுக்குச் சொந்தக்காரன். பச்சை எரியும், சிவப்பு எரியும், கோச்சி இரண்டையும் மதிக்காமல் ஓடும். பக்கத்து வீட்டுப் பெடியன் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், டிரைவர் நித்திரையோ?" என்றான். அன்றைக்கே முழுதையும் கழற்றினேன்.

திருகோணமலைப் பாதையில் நான் பார்த்து வளர்ந்தது கைகாட்டி. கம்பியை இழுத்தால் கை சரிந்து "போ" என்று காட்டும்; கம்பி அறுந்தாலோ பாரம் இழுத்து, கை தானாக நிமிர்ந்து "நில்" என்று நிற்கும். மேசையில் அதைச் செய்ய நுணுக்கமான வேலை வேண்டும். என் கைநடுக்கத்துக்கு விளக்குச் சிக்னல்தான் சரிவந்தது.

என் தண்டவாளம் மாதிரி ரயில்களின் எச்ஓ அளவு, நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. (நம்ம நாட்டு அகலப்பாதை 1676 மில்லிமீற்றர், அதைச் சுருக்கினால் 19 மில்லிமீற்றருக்கு மேல் வரவேண்டும். கடையில் கிடைப்பது 16.5. இதைக் கண்டுபிடித்துச் சொல்கிறவருக்குத் தேத்தண்ணி கிடையாது.) இந்த அளவுக்கு 5 மில்லிமீற்றர் எல்இடி போட்டால் சிக்னல் சுளகு மாதிரித் தெரியும். 2 மில்லிமீற்றர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் 3.

கம்பத்துக்கு முடிந்துபோன பேனையின் பித்தளை ரீஃபில் போதும். மையை ஸ்பிரிட்டால் கழுவிவிடுங்கள். இரண்டு எல்இடியின் குட்டைக் கால்களையும் கம்பத்திலேயே ஈயம் வைத்து ஒட்டினால், கம்பமே பொது நெகற்றிவ் வயராகிவிடும். நீட்டுக் கால்களுக்கு, மோட்டார் சுற்றுகிற கடையில் கழித்துப் போடுகிற மெல்லிய செப்புக்கம்பியை ரீஃபிலுக்குள்ளால் இறக்குங்கள். அதன் மேலே இருக்கிற வார்னிஷ் கண்ணுக்குத் தெரியாது. நுனியை பிளேட்டால் சுரண்டாமல் ஈயம் வைத்தால் ஒட்டினமாதிரி இருக்கும், கரண்ட் போகாது. தலைக்குக் கறுப்பு மட்டை, அதில் இரண்டு துளை, மேலே சின்னச் சின்னத் தொப்பி. பிரித்தானிய முறையில் சிவப்பு கீழே வரும். சாரதியின் கண்மட்டத்துக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்பது ஒரு காரணம். கீழ் விளக்கின் தொப்பியில் குவிகிற பனி மேல் விளக்கை மறைக்கலாம், சிவப்புக்குக் கீழே அப்படி ஒரு தொப்பியே இல்லை என்பது இன்னொன்று. நமக்குப் பனி இல்லை, காகம்தான். ஆனாலும் சிவப்பு கீழே இருக்கட்டும். கோச்சி வருகிற திசைக்கு இடப்பக்கம் நடுங்கள்.

கரண்டை எங்கே எடுப்பது என்பதில்தான் நான் முதலில் பிழைவிட்டேன். கோச்சியை ஓட்டக் கொன்ட்ரோலர் (வேகத்தையும் திசையையும் மாற்றுகிற பெட்டி) கரண்ட் கொடுக்கிற தண்டவாளத்திலிருந்தே எடுத்தேன். கோச்சி மெதுவாகப் போனால் விளக்கும் மங்கும், பின்னால் ஓட்டினால் அணைந்தே போகும். அப்படித் திருப்பிக் கரண்ட் கொடுத்துக் கொடுத்து இரண்டு எல்இடியைக் கொன்றேன். விளக்குக்கென்று தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டர் வையுங்கள். சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட் எடுக்கும். மிச்சம் 10 வோல்ட், கரண்டை 10 மில்லியம்பியருக்கு மட்டுப்படுத்த 1000 ஓம் ரெசிஸ்டர். பச்சைக்கும் அதையே போட்டால் இப்போது வருகிற பச்சை கண்ணைக் குத்தும். நான் 4700 ஓம் போட்டிருக்கிறேன். அதனால் இரண்டுக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் போடாதீர்கள்.

இனித்தான் கோச்சியை நிறுத்துகிற வேலை. சிக்னலுக்கு முன்னால், கோச்சி போகிற திசைக்கு வலப்பக்கத் தண்டவாளத்தை மட்டும் இரண்டு இடத்தில் அறுத்து, 45 சென்றிமீற்றர் துண்டு ஒன்றைப் பிரித்தெடுங்கள். முன்பக்கத்து வெட்டு சிக்னலுக்கு நேரே வரட்டும். துண்டு கட்டையாக இருந்தால், வந்த வேகத்தில் எஞ்சின் வழுக்கி அடுத்த வெட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் திரும்பக் கரண்ட் கிடைக்கும், திரும்ப ஓடும். 20 சென்றிமீற்றர் நீள எஞ்சினுக்கு இந்த 45 எனக்குப் போதுமாக இருக்கிறது.

ஆறு கால் உள்ள டொகிள் சுவிச் ஒன்று வாங்குங்கள். அது ஒரே பிடியில் இரண்டு சுவிச். முதல் வரிசையில் நடுக்கால் அடாப்டரின் பொசிற்றிவ்வுக்கு. ஒரு பக்கத்துக் கால் ரெசிஸ்டர் வழியாகப் பச்சைக்கு, மற்றப் பக்கம் சிவப்புக்கு. கம்பம் அடாப்டரின் நெகற்றிவ்வுக்கு. இரண்டாவது வரிசையில் நடுக்கால் கொன்ட்ரோலரிலிருந்து வலப்பக்கத் தண்டவாளத்துக்கு வருகிற வயருக்கு; பச்சைப் பக்கத்துக் கால் பிரித்தெடுத்த துண்டுக்கு; சிவப்புப் பக்கத்துக் கால் வெறுமனே கிடக்கும். சிவப்பு எரிகிறபோது துண்டில் கரண்ட் இல்லை. கைகாட்டிக் குணமும் பாதி வந்துவிடுகிறது: துண்டுக்குப் போகிற வயர் அறுந்தால் கோச்சி ஓடாது, நிற்கும்.

எல்லாம் பூட்டி மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. கச்சான் காற்று அடித்த ஒரு மத்தியானம் சிவப்பு எரிய எரிய கோச்சி போனது. சுவிச்சைக் கழற்றினேன், வயரை மாற்றினேன், ஒன்றும் இல்லை. பின்னேரம் வெயில் தணிய, அதே கோச்சி அதே இடத்தில் நின்றது. வெக்கைக்குத் தண்டவாளம் நீண்டு வெட்டு வாய் மூடி, இரும்போடு இரும்பு முட்டியிருக்கிறது. இப்போது ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் யோகட் கப்பில் நறுக்கிய பிளாஸ்டிக் துண்டை அரால்டைட் பசை வைத்து ஒட்டி, தண்டவாள மட்டத்துக்கு அராவிவிட்டேன்.

கடற்காற்று இன்னொரு பகை. ஈயம் வைத்த இடங்கள் மெல்லப் பச்சை பூக்கும். ஒட்டி முடித்ததும் மனிசியின் நகப்பூச்சை ஒரு தடவு தடவுங்கள், கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. தண்டவாளத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். அரத்தாள் போட்டால் கீறலுக்குள் ஊத்தை குடியேறும்.

ஒரு குறை மிச்சம் இருக்கிறது. சிவப்பில் நின்ற எஞ்சினைப் பின்னுக்கு எடுக்கவும் முடியாது. அதற்கு, கரண்டை ஒரு பக்கத்துக்கு மட்டும் விடுகிற 1என்4007 டயோட் ஒன்றை, சுவிச்சின் இரண்டாவது வரிசையில் நடுக்காலுக்கும் துண்டுக்குப் போகிற காலுக்கும் இடையில் ஒட்டுங்கள், வெள்ளிக்கோடு நடுக்கால் பக்கம் இருக்க. முன்னுக்கு மறிக்கும், பின்னுக்கு விடும். பூட்டினபிறகு சிவப்பில் கோச்சி முன்னுக்கு ஓடிப் பின்னுக்கு அசைய மறுத்தால், டயோட்டைக் கழற்றித் திருப்பி ஒட்டுங்கள்.