ஐப்பசி, கார்த்திகையில் செட்டிநாட்டுக் கண்மாய்களில் பறவை நோக்குதல்

செட்டிநாட்டில் பறவை நோக்கக் கிளம்புபவர் முதல் நாளே விசாரித்துக்கொள்ள வேண்டியது, எந்தக் கண்மாயில், அதாவது பாசன ஏரியில், எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைத்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே இப்பகுதியின் கண்மாய்களும் ஊர்ப் பொதுக் குளங்களான ஊருணிகளும் இருக்கின்றன. மழை ஓர் ஊரில் கொட்டி அடுத்த ஊரை விட்டுவிடுவதும் உண்டு. ஆகவே, சென்ற ஆண்டு பறவைகள் நிறைந்திருந்த இடம் இந்த ஆண்டு வெறுமையாக இருக்கலாம். ஆடு மேய்ப்பவரிடமோ தேநீர்க் கடையிலோ "கண்மாய் பெருகிருச்சா?" என்று கேட்டால் கிடைக்கும் பதில், எந்தக் கைப்பேசிச் செயலியும் தராத தகவல்.

நீர்மட்டம் தெரிந்துவிட்டால் அங்கே எவை இருக்கும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே ஊகிக்கலாம். முதல் மழைகளுக்குப் பின், கண்மாயின் உட்பகுதியில் கணுக்காலளவு நீரும் சேறும் கலந்து கிடக்கும் நாட்களில், வடக்கிலிருந்து வலசை வரும் பொரி உள்ளானும் பச்சைக்காலியும் நெடுங்கால் உள்ளானோடு சேர்ந்து மேய்வதைப் பார்க்கலாம். நீர் ஏறியதும் இவை ஓரங்களுக்கோ நெல்வயல்களுக்கோ ஒதுங்கிவிடும். பாதிக்கு மேல் பெருகிய கண்மாயில் முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இடம்பிடிக்கும். அல்லியும் தாமரையும் படர்ந்த ஊருணி என்றால் இலைக்கோழியைத் தேடலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம், நிறைந்த கண்மாயின் உபரிநீர் வழிந்தோடும் கலுங்கு. கண்மாய் நிறைந்து கலுங்கு பாயும் நாளில், நீரோடு வெளியேறும் சிறுமீன்களுக்காகச் சின்னக்கொக்கும் மடையானும் மீன்கொத்தியும் கூடுகின்றன; அவை ஒன்றை ஒன்று விரட்டுவதையும் மீனைப் பிடிக்கும் முறையையும் ஒரே இடத்தில் நின்று காணலாம்.

ஒளியின் திசையும் முக்கியம். இப்பகுதியில் நிலம் பொதுவாகக் கிழக்கு, தென்கிழக்காகச் சரிவதால், அப்பக்கத்தில் கரை அமைந்த கண்மாய்கள் மிகுதி. விடிந்ததும் அந்தக் கரையில் நின்றால் கதிரவன் முதுகுப்புறம் இருக்கும். பறவையின் நிறமும் அலகின் வடிவும் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் நிழலுருவங்களே மிஞ்சும். கரைமேல் நிமிர்ந்து நடப்பதைக் காட்டிலும், ஒரு மரத்தை ஒட்டி அமர்ந்து கால் மணி நேரம் அசையாமல் இருப்பது மேல். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லை கொண்ட இருநோக்கி போதுமானது. மழை ஈரத்தில் கரைப் புற்களில் பாம்புகள் ஒதுங்கும் என்பதால் மூடிய காலணி தேவை. இடி கேட்டால் வெட்டவெளிக் கரையைவிட்டு உடனே இறங்கிவிட வேண்டும்.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைத் தனியே ஒரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. 1977இல் அறிவிக்கப்பட்ட இச்சரணாலயம் பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய கண்மாய்களைக் கொண்டது. மொத்தப் பரப்பு 38.4 எக்டேர்தான். நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் வெள்ளை அரிவாள்மூக்கனும் கூடு கட்டும். புதியவர்கள் குழம்பும் இரு நாரைகளைப் பிரித்தறிவது எளிது: அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி, நீண்ட மஞ்சள் அலகும் வாலை ஒட்டி இளஞ்சிவப்பு இறகுகளும் இருந்தால் மஞ்சள்மூக்கு நாரை. கண்மாய் நிரம்பாத ஆண்டில் கூடுகள் குறையும், ஆகையால் ஐப்பசித் தொடக்கத்திலேயே அவசரப்பட்டுச் செல்வதைவிட, மழை நன்றாகப் பிடித்த பின் கார்த்திகையில் செல்வதே பயன்தரும். இங்கே கூடுகளை நெருங்குவதும், பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டி எழுப்புவதும் கூடவே கூடாது. பெற்றோர்ப் பறவை எழுந்தால் முட்டைகள் காகத்துக்கும் பருந்துக்கும் இலக்காகும். இப்பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊருக்குச் செல்லும் விருந்தினர் தம் வண்டியின் ஒலிப்பானையாவது அடக்கி வைப்பதுதான் முறை.

நீரை விட்டு விலகினால் செம்மண் பொட்டல்களும் முட்புதர்களும் இருக்கின்றன. கௌதாரி ஆண்டு முழுவதும் இங்கே உண்டு. மின்கம்பியில் பனங்காடையும், வலசை வந்த நீலவால் பஞ்சுருட்டானும் தகைவிலான்களும் அமர்ந்திருக்கும். ஆறுமணிக்குருவி மட்டும் கண்ணுக்குச் சிக்குவது கடினம், விடியலிலும் அந்தியிலும் தோப்புகளுக்குள்ளிருந்து அது எழுப்பும் இரட்டை விசில் ஒலியைக் கேட்டே கண்டறிய வேண்டும்.

குறிப்பேட்டில் பறவையின் பெயர், எண்ணிக்கை, நேரம் ஆகியவற்றோடு நீர்மட்டத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். கால் பங்கா, பாதியா, கலுங்கு பாய்கிறதா என்பது போதும். அப்பட்டியலைப் பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவேற்றும்போது, அதிலுள்ள குறிப்புப் பகுதியில் இவ்வரியையும் சேர்த்துவிடலாம். தை பிறக்கும்போது நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ள விரும்புவோர், இப்போது பார்த்த கண்மாய்களில் ஒன்றையே தேர்ந்தெடுத்தால் இரு பட்டியல்களையும் ஒப்பிட வசதியாக இருக்கும்.